போகமும் அலையும்



'போகம்' என்னும் சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு பொருள் உண்டு. ஒன்று இன்ப நுகர்ச்சி. மற்றொன்று வயலின் விளைவு. மட்டக்களப்பு நாட்டு உழவன் அச்சொல்லை எடுத்தாளும்போது கருதுவது இரண்டாவது பொருளையே. பெரும்போகம் என்பான், சிறுபோகம் என்பான். முதற்பொருளைப் பற்றிப் பேச அவனுக்கு ஓய்வு வாய்ப்பது அரிது. ஆயினும், பருவந்தோறும் வெயிலிலும் மழையிலும் நின்று உழைக்கும் ஒருவனுக்கு, அவ்வுழைப்போடு சற்றும் தொடர்பில்லாததும் உயிருக்கே இடுக்கண் விளைக்கக் கூடியதுமான ஒரு விளையாட்டின்மீது தணியாத வேட்கை பிறந்துவிடுமானால், அவன் செய்யத்தக்கது யாது? இவ்வினாவுக்கு விடை கூறும் தகுதி எனக்கு உண்டென்று எண்ணவில்லை. விடை தேடி நான் பட்ட பாட்டைக் கூறலாம். அதனையே இன்று உங்கள்முன் வைக்கின்றேன்.

எனது ஊர் பெரியகல்லாறு. மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குச் செல்லும் பெருவீதியில், கிழக்கே வங்கக் கடலும் மேற்கே மட்டக்களப்பு வாவியும் இருபுறமும் நெருக்கி நிற்க, நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணற்றிட்டில் அமைந்த ஊர். வாவியின் நீளம் ஏறத்தாழ 56 கிலோமீற்றர். கடலோடு அது கலக்கும் வாய்கள் இரண்டே. ஒன்று மட்டக்களப்பு நகருக்கு அணித்தாக உள்ளது. மற்றொன்று எங்கள் ஊரருகே உள்ளது. வாவியின் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும் மேற்கரையைப் படுவான்கரை என்றும் எம் முன்னோர் வழங்கினர். ஞாயிறு எழுவது ஒரு கரை, படுவது ஒரு கரை. இதைவிட எளிமையாக ஒரு நாட்டைப் பகுத்துப் பெயரிட்டவர் வேறெங்கேனும் உளரோ என்று நான் வியந்ததுண்டு.

எழுவான்கரையில் எம்மவருக்கு வீடு; படுவான்கரையில் வயல். எனக்கும் வெல்லாவெளிப் பக்கத்தில் மூன்று ஏக்கர் வயல் உண்டு. குருமண்வெளித் துறையிலே 'பாதை' ஏறி மண்டூருக்குக் கடந்து செல்வேன். பாதை என்றவுடன் வெளியூர் நேயர்கள் ஒற்றையடிப் பாதை என்று எண்ணிவிடல் வேண்டா. ஆளையும் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் நெல்மூட்டையையும் ஒருங்கே ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவைக்கே எங்கள் நாட்டில் அப்பெயர். நீரின்மேல் நகரும் பாதை அது.

இனிப் பருவங்களைச் சொல்கின்றேன். என் பேச்சு முழுவதும் அவற்றின்மீதே நிற்கின்றது. புரட்டாதியிற் புழுதி விதைப்பு, ஐப்பசி கார்த்திகையில் வாடைமழை, தை மாசியில் அறுவடை, இது பெரும்போகம். வானம் பெய்து நடக்கும் வேளாண்மை. இக்காலத்திற் கடல் கொந்தளித்துக் கலங்கிக் கிடக்கும்; கரைவலைக்காரரும் வலையை மடித்து வைத்துவிடுவர். பங்குனி பிறந்தால் வாடை ஓய்ந்து கடல் தெளியும். அதன்பின் வைகாசி தொடங்கி ஆவணி முடியுமட்டும் கச்சான் வீசும். அஃது மேற்கிலிருந்து தரையைத் தாண்டி வரும் வறண்ட காற்று. முகத்திற் பட்டால் அடுப்பங்கரையில் நிற்பது போன்றிருக்கும். உழவன் அதனை வைவான். அலைவிளையாட்டுக்காரனுக்கோ அதுவே அமிழ்து. கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று, எழும் அலையின் முகத்தை ஏந்திப் பிடித்து, அது உடனே உடைந்து சிதறாதவாறு நிறுத்தி வைக்கின்றது. ஒரே காற்று, வயலிற் பதரை மிகுவிக்கும், கடலிற் பளிங்குச் சுவரை எழுப்பும்.

இவ்வளவில், இயற்கையே வேலைக்கு ஆறு திங்களும் விளையாட்டுக்கு ஆறு திங்களும் வகுத்துத் தந்துவிட்டது. இதில் இடர் என்னவென்று நீங்கள் கேட்கலாம். இடர் சிறுபோகத்தில் இருக்கின்றது. குளத்துநீர் பாயும் வயலை உடையவன் சித்திரையில் மீண்டும் விதைக்கின்றான். ஆவணியில் மீண்டும் அறுக்கின்றான். அலை உயரும் திங்களும் அதுவே. கரைவலை இழுக்கும் திங்களும் அதுவே. வயல், வலை, அலை மூன்றும் ஒரே வாயிலில் வந்து நின்று 'வா' என்கின்றன.

எங்கள் ஆற்றுவாயிலேதான் என் வேட்கை பிறந்தது. கோடையில் அவ்வாயை மணல் அடைத்துவிடும். மாரியில் வாவி பெருகிப் படுவான்கரை வயல்களில் நீர் ஏறும்போது, வாயை வெட்டிவிடுக என்று வயற்காரர் கூறுவர். மீன் தங்கட்டும், சற்றுப் பொறுக்க என்று வலைக்காரர் கூறுவர். இவ்வழக்கு எந்நாளும் தீர்ந்ததில்லை. எவ்வாறாயினும், வெட்டப்பட்ட அன்று அங்கே நிற்பது ஒரு காட்சி. முழங்காலளவு சாலாகத் தொடங்கிய நீர், சில நாழிகைக்குள் மணற்கரைகளைப் பாளம் பாளமாக இடித்துக்கொண்டு ஆறாகக் கடலுக்குட் பாயும். சிறுவரான நாங்கள் உடைந்த தோணிப் பலகைகளை மார்பில் அணைத்துக்கொண்டு, வாயின் ஓரத்திற் குதித்து, கடலலை எதிர்த்து வருமிடத்தில் அதன்மேல் ஏறித் திரும்புவோம். அது எத்துணைப் பேதைமை என்பதை இன்று அறிவேன். வாவி வெளியேறும் வேகத்தை எதிர்த்து நீந்தவல்லவன் எவனும் இலன்.

இதனைக் கேட்கும் கரையோரத்துப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லியே மேற்செல்ல வேண்டும். கடல் உங்களை உள்ளே இழுத்துச் செல்லுமானால் கரையை நோக்கி நீந்தாதீர்கள். அவ்விழுவை பெரும்பாலும் ஒரு குறுகிய சால். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் அச்சாலைவிட்டு விலகலாம். அதன்பின் அலைகளே உங்களைக் கரைக்குக் கொண்டுவரும். நீந்த இயலாதவன் மல்லாந்து மிதந்து கையை உயர்த்தட்டும். கடலில் இறந்தவர் பலர் நீந்தத் தெரியாமல் இறந்தவரல்லர். நேர்வழியில் நீந்தி, வலுவிழந்து இறந்தவர்.

நம் முன்னோர் விளையாட்டைப் பருவத்தோடு பிணைத்து வைத்திருந்தனர். அறுவடை முடிந்து நெல் வீடு சேர்ந்தபின் சித்திரை வருடப்பிறப்பு. அப்போது வாவியிலே தோணியோட்டம், நீச்சல், கரையிலே போர்த்தேங்காய், வழுக்குமரம். வைகாசியிற் கண்ணகை அம்மன் சடங்கு. அவ்வழிபாட்டோடு இணைந்தது கொம்புமுறி. ஊரே வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரிந்து, வளைந்த வைரமரக் கொம்புகள் இரண்டைக் கொளுவி, வடம் பூட்டி, ஒன்று முறியுமட்டும் இழுக்கும். வடசேரி கோவலன் பக்கம். தென்சேரி கண்ணகி பக்கம். கணவனும் மனைவியும் வெவ்வேறு சேரியினராய் நின்று ஏசிக்கொள்ளும் வேடிக்கையும் உண்டு. விளையாட்டுக்கென்று தனி நேரம் திருட வேண்டிய தேவை அன்றைய உழவனுக்கு இல்லை. ஊர் முழுவதும் ஒரே நாளில் மண்வெட்டியை வைத்தது; ஒரே நாளில் எடுத்தது.

அலைச்சறுக்கின் தாயகமாகிய ஹவாய்த் தீவுகளிலும் இம்முறையே நிலவியது என்று பின்னர்ப் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி சொல்லுந்தரமன்று. அங்கே மக்காஹிக்கி என்பது ஒரு பருவம்; ஏறத்தாழ நான்கு திங்கள். அக்காலத்திற் போர் இல்லை. பெரும்பான்மையான தொழிலும் இல்லை. விளைவிற் பங்கைத் தெய்வத்துக்குச் செலுத்திவிட்டு மக்கள் மற்போரிலும் ஓட்டத்திலும் அலைமேல் ஏறுவதிலும் நாளைக் கழித்தனர். அப்பருவம் எப்பொழுது தொடங்கியது என்று நினைக்கின்றீர்கள்? மாலை வேளையிற் கீழ்வானிலே கார்த்திகை மீன்கூட்டம் தோன்றும் நாளை ஒட்டி. நாம் விளக்கேற்றும் அதே கார்த்திகை! நமக்கு அது மாரிவேலையின் உச்சம்; அவர்களுக்கோ வேலையை நிறுத்தும் அடையாளம். ஒரே விண்மீனைப் பார்த்து ஒரு நாட்டார் வயலுக்கு ஓடுகின்றனர். மற்றொரு நாட்டார் கடலுக்கு ஓடுகின்றனர். அத்தீவிற் பிறந்த டியூக் கஹானமோக்கு என்பார் 1912 ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டியில் நீச்சலிலே தங்கப் பதக்கம் வென்று, அதன்பின் தாம் சென்ற நாடுகளிலெல்லாம் அலைச்சறுக்கைக் காட்டிப் பரப்பினார்.

என் கதைக்குத் திரும்புகின்றேன். 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, நான் படுவான்கரையில் வயலில் நின்றேன். அது பெரும்போகப் பயிருக்குப் பசளை இடும் தறுவாய். கடல் எங்கள் ஊருக்குள் ஏறியதை நான் கண்ணாற் கண்டிலேன். வாவியைக் கடந்து வந்தபோது கண்டவற்றை இங்கே விரித்துரைக்க விரும்பவில்லை. இக்கரையில் வாழ்வோருக்கு அது வேண்டுவதுமன்று. வயல்வேலை என் உயிரைக் காத்தது என்பது மெய். அதனாலேயே என் தாயார், நான் வயலுக்குச் செல்லும்போதெல்லாம் அமைதியாகவும், கடற்பக்கம் தலை திருப்பினாற் கலக்கமாகவும் இருந்தார். அவர் அதன்பின் கடற்கரைக்குச் சென்றதே இல்லை. கிழக்கு வாயிலை அடைத்து வேலியிட்டு, மேற்கு வாயிலால் நடமாடினார்.

போர் முடிந்து 2009 இன் பின் அறுகம்குடாவுக்கு வெளிநாட்டார் பெருந்தொகையாக வரத் தொடங்கினர். எங்கள் ஊரிலிருந்து தெற்கே எழுபத்தைந்து கிலோமீற்றர் அளவில், பொத்துவிலுக்கு அடுத்திருப்பது அது. ஒரு கோடையில் உறவினர் ஒருவருடைய பாரவண்டியில் நெல்லேற்றிச் சென்ற நான், திரும்பும் வழியில் அக்குடாவில் நின்று பார்த்தேன். பாறைமுனையைச் சுற்றி வளைந்து வந்த அலை, எங்களூர் அலையைப் போலக் கரை முழுவதும் ஒரேயடியாய்ப் பொத்தென்று வீழவில்லை. ஒரு முனையில் உடையத் தொடங்கி, சுருளைச் சுருட்டிக்கொண்டு போவதுபோல, வலப்புறமாக நெடுந்தூரம் உடைந்துகொண்டே சென்றது. அதன் முகத்தில் ஓர் இளைஞன் பலகைமேல் நின்று, அலை உடையுமிடத்துக்கு ஒரு முழம் முன்னே வழுக்கிச் சென்றுகொண்டிருந்தான். அவன் பொத்துவில் மீனவர் வீட்டுப் பிள்ளை. தோணிப்பலகையை மார்பில் அணைத்த சிறுவன் என்னுள்ளே விழித்துக்கொண்டான். அப்போது எனக்கு வயது முப்பத்திரண்டு. மணமாகி ஒரு மகளும் இருந்தாள்.

பலகைமேல் நிற்க எனக்கு ஒரு கோடை முழுவதும் சென்றது. உழவன் உடம்புக்கு அவ்விளையாட்டு ஒருவாறு பொருந்தும். தோளும் முதுகும் வலுவுடையன, வரம்பில் நடந்த காலுக்குச் சமநிலை பழக்கம். பொருந்தாதது அவனுடைய பொறுமையின்மை. வயலில் நாம் வேலையை நோக்கிச் செல்கின்றோம். கடலிலோ அலை வருமட்டும் வாளா இருத்தல் வேண்டும். அவ்வலை எங்கிருந்து வருகின்றது என்று அறிந்தபோது என் வேட்கை பன்மடங்காயிற்று. தென்துருவத்தை அடுத்த பெருங்கடலிற் குளிர்காலப் புயல் கிளப்பும் நீரலை, ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் கடந்து, ஆறேழு நாட்சென்று நம் தென்கிழக்குக் கரையைத் தொடுகின்றது. இடையிலே அதனைத் தடுக்க நிலமில்லை. இக்காலத்தில் அதன் வருகை கைப்பேசியில் முன்கூட்டியே தெரிகின்றது. வியாழக்கிழமை வரப்போகும் அலையை வெள்ளிக்கிழமையே அறிந்து, ஒரு கிழமை முழுவதும் அதனை நெஞ்சிற் சுமந்து திரிவது ஒருவகை நோய்.

தாயாருக்கு இதனை மறைத்தேன். ஊரில் எதுவும் மறையுமா? ஒருநாள் அவர் சொன்னார்: "மனே, ஆழிக்குமரனையே கடல் கொண்டுபோயிற்று, நீ எம்மாத்திரம்?" வல்வெட்டித்துறை ஆனந்தனை அவர் கருதினார். 1971 இல் பாக்குநீரிணையை இக்கரையிலிருந்து அக்கரைக்கும், அங்கிருந்து மீண்டும் இக்கரைக்கும் ஒரே மூச்சில் நீந்திய வீரர். 1984 ஆம் ஆண்டு ஆவணியில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்று உயிர்நீத்தார். அவருக்கு முன்னர், 1954 இல், நவரத்தினசாமி வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரைக்கு நீந்தினார். 1966 இல் வங்காளத்தவரான மிஹிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தினார். நவரத்தினசாமி பங்குனியிலும் மிஹிர் சென் சித்திரையிலும் இறங்கினர். வாடை ஓய்ந்து தென்மேல் காற்று எழுமுன் கடல் மூச்சடக்கி நிற்கும் சில கிழமைகள் அவை. உழவனுக்கும் அறுவடை முடிந்து கை ஓய்ந்திருக்கும் கிழமைகள். தாயாருக்கு இதனையெல்லாம் விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "காலம் பார்த்து இறங்கியவர்கள் பிழைத்தார்கள் என்கிறாய், நீ காலம் பார்க்கிறாயா?" என்றார்.

நான் பார்க்கவில்லை என்பதற்கு அடுத்த ஆடியே சான்றாயிற்று.

அவ்வாண்டு சிறுபோகத்தை மச்சானோடு கூட்டாகச் செய்தேன். மனைவியின் தமையனார் அவர். அவருடைய வயலும் என் வயலும் அடுத்தடுத்து உள்ளன. கதிர் பால்பிடித்துவிட்டால் படுவான்கரையில் யானைக்காவல் இன்றியமையாதது. காட்டோரத்து வட்டைகளில் இருள் விழுந்தபின் யானை இறங்கும். நெல்லின் மணம் அதற்கு எட்டாத தூரத்திலிருந்தும் எட்டும் போலும். பரண் கட்டி, தீ மூட்டி, யானைவெடி வைத்துக்கொண்டு முறைவைத்துக் காவல் இருப்போம். எனக்கு இரண்டு இரவு, அவருக்கு இரண்டு இரவு என்பது உடன்பாடு. என் முறை வந்த நாளுக்கே, அவ்வாண்டின் மிகப் பெரிய அலையும் வந்தது. அலை வருவது ஆறு நாளுக்கு முன்பே தெரியும்; யானை வருவது ஒரு நாழிகைக்கு முன்பும் தெரியாது. சென்ற பத்து இரவும் யானை வரவில்லை என்ற கணக்கை மனத்துட் போட்டுக்கொண்டு, அடுத்த வாடிக்காரரிடம் ஒரு சொல் சொல்லிவிட்டு, அறுகம்குடாவுக்குச் சென்றுவிட்டேன். மச்சானிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் வந்து என் முறையையும் தாமே இருப்பார் என்பது எனக்குத் தெரியும். அந்த நன்றியைச் சுமக்க விரும்பாமலே சொல்லாது விட்டேன். இதனை நான் எனக்கே ஒப்புக்கொள்ளச் சில ஆண்டுகள் சென்றன.

அன்றைய அலையைப் போன்றதொன்றை அதன்முன்னும் பின்னும் நான் ஏறியதில்லை. அதனையும் சொல்லித்தான் ஆக வேண்டும். கச்சான் வீசிக்கொண்டிருந்தது, முதல் வெளிச்சம், அலையின் முகடு ஒரு ஆளுயரத்துக்கு மேல். எழுந்து நின்ற கணத்திலிருந்து கரைமணலைத் தொட்டது வரை என் நினைவில் ஒலியே இல்லை.

இரவு மூன்று யானை இறங்கியிருந்தன. அடுத்த வாடிக்காரர் தம் வயலைக் காப்பாரா, எம் வயலைக் காப்பாரா? வெடியோசை கேட்டு மச்சான் தம் வாடியிலிருந்து இருளில் ஓடிவந்திருக்கின்றார். வாய்க்காலைத் தாண்டும்போது வழுக்கி வீழ்ந்து கணுக்கால் எலும்பு முறிந்தது. யானையின் எதிரில் வீழவில்லை என்பது எங்கள் குடும்பத்தின் நற்பேறு. ஏறத்தாழ ஒரு ஏக்கர் விளைவு சேற்றோடு சேறாயிற்று. அதிற் பெரும்பங்கு அவருடையது.

அவர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொன்னாரில்லை. இரண்டு திங்கள் சாக்குக்கட்டிலில் இருந்தபடியே, "அலை நன்றாக இருந்ததா?" என்று மட்டும் ஒருமுறை கேட்டார். அதில் ஏளனம் இருந்ததா, உண்மையில் அறிய விரும்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த இழப்பை நான் நெல்லாகவே ஈடுசெய்தேன். அடுத்த பெரும்போகத்தில் என் களத்திலிருந்து அளந்து கொடுத்தேன். பலகையை விற்றுவிட்டேன். ஒரு முழுக் கோடை கடலிற் கால் வைக்கவில்லை. அக்கோடையில் நான் நல்ல கணவனாகவும் நல்ல உழவனாகவும் இருந்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில், சிடுசிடுத்துக்கொண்டும் பிள்ளைமேல் எரிந்து விழுந்துகொண்டும் திரிந்தேன். வேட்கையை வேரோடு பிடுங்கினால் உழைப்புச் செழிக்கும் என்பார் சொல் என்னளவிற் பொய்த்தது.

ஈற்றில் என் மனைவியே ஒருநாள் கணக்குக் கேட்டாள். சிறுபோகத்தில் விதை, பசளை, மருந்து, உழவியந்திரக் கூலி, அறுவடை இயந்திரக் கூலி, காவற் செலவு ஆகியவற்றைக் கழித்தால் என்ன மிஞ்சுகின்றது? எழுதிப் பார்த்தோம். மிகுதி இருந்தது, ஆயினும் நாங்கள் எண்ணியிருந்த அளவில் இல்லை. என் வயல் பங்கைச் சிறுபோகத்துக்கு மச்சானுக்கே குத்தகைக்குக் கொடுத்தால் அவருக்குக் காவற்பரப்பு ஒன்றாகும். எங்களுக்கு நெல்லாகக் குத்தகை வரும். குறைவை ஈடுசெய்ய நான் சித்திரை முதல் கரைவலையில் விடியற் பாட்டுக்குக் கயிறு பிடிக்கலாம். இவ்வாறு ஏற்பாடு செய்து முடித்தபின் அவள் கேட்டாள்: "வயலுக்கு இரண்டு போகம், உங்களுக்கு இனி ஒரு போகம், அடுப்புக்கு எத்தனை போகம்?"

நேயர்களே, இவ்வினாவுக்கு எனக்கு விடை தெரியவில்லை. 1953 ஆம் ஆண்டு வைகாசியில் எவரெஸ்ட் கொடுமுடியை டென்சிங் மிதித்ததை உலகம் கொண்டாடியது. அவருடைய ஷேர்ப்பா இனத்தவர் கும்புப் பள்ளத்தாக்கில் உருளைக்கிழங்கும் பார்லியும் விளைவித்து, கவரிமா மேய்ப்பவர்கள். மலையேற்றக் காலமும் கிழங்கு நடும் காலமும் இளவேனிலில் ஒன்றாகவே வரும். ஆடவர் மலைக்குச் சென்றபோது நிலத்தைக் கொத்தியவர் அவ்வீட்டுப் பெண்கள். கொடுமுடியில் ஏறிய ஒவ்வொரு காலடிக்கும் கீழே பள்ளத்தாக்கில் ஒருத்தி குனிந்து நின்றாள். ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மோன்பிளாங் சிகரத்தை 1786 ஆம் ஆண்டு ஆவணியில் முதன்முதல் ஏறிய இருவருள் ஒருவரான பல்மா என்பவரும் பளிங்குக்கல் தேடி விற்ற மலைநாட்டுக் குடியானவரே. அவர் வீட்டு அடுப்பை யார் எரித்தார் என்று எந்த நூலும் எனக்குச் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் இப்போது வெள்ளிக்கிழமை மாலைகளில் அவள் தன் தமக்கையோடு எங்கு வேண்டுமாயினும் செல்வாள், சமையல் என்னுடையது. இஃது ஒரு பெரிய நியாயம் என்று நான் கூற மாட்டேன். என் குழம்பைச் சுவைத்தவர்களும் கூறமாட்டார்கள்.

அறுவடை இயந்திரத்தைப் பற்றி ஒரு சொல். அரிவாளால் அறுத்து, கட்டுக்கட்டி, சூடு வைத்து, மாடுவிட்டு மிதித்த காலத்தில், என் தந்தையாருக்கு அறுவடை ஒரு மாத வேலை. இன்று இயந்திரம் சில மணி நேரத்தில் முடித்துவிடுகின்றது. எனக்குக் கிடைத்த ஓய்வு அங்கிருந்து வந்ததே. ஆனால் கூலிக்கு அறுத்தவர்களும், கதிர் பொறுக்கி ஆறு மாத அரிசி சேர்த்த ஏழைப் பெண்களும் இழந்த நாட்களே என் ஓய்வாயின என்பதை எண்ணும்போது, பலகையைத் தோளிற் சுமந்து அவர்கள் வீட்டு வாயிலால் நடப்பது எளிதன்று. வேறு தெருவாற் செல்கின்றேன்.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அறுகம்குடாவில் அடியிலிருப்பது பாறையும் பவளமும். வீழ்ந்தால் காலிற் கீறல் உறுதி. அக்கீறலோடு வயற்சேற்றில் இறங்குவது எலிக்காய்ச்சலுக்கு வாயிலைத் திறந்து வைப்பது. எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து கிருமி புண்வழியே ஏறிச் சிறுநீரகத்தையும் ஈரலையும் தாக்கும். நம் நாட்டில் மழைக்காலந்தோறும் உழவர் இதனால் இறக்கின்றனர். ஆதலால் புரட்டாதி பிறந்தால் நான் கடலுக்கு முழுக்குப் போட்டு, புண்ணெல்லாம் ஆறியபின்னரே மண்வெட்டியைத் தொடுவேன். விதைப்புக் காலத்திற் சுகாதார உத்தியோகத்தரிடம் சென்று தடுப்பு மாத்திரை பெறுவதும் உண்டு. இரண்டு வாழ்வையும் பிரிக்கும் வேலி நாட்காட்டியில் மட்டுமன்று, என் காற்றோலிலும் இருக்கின்றது.

விளையாட்டே தொழிலாகிவிட்டால் இத்தொல்லை ஒழியுமே என்பார் உளர். அறுகம்குடாவில் அவ்வாறு வாழும் இளைஞர் பலரை அறிவேன். கோடையில் அங்கே பயணிகளுக்குக் கற்பிப்பர். கார்த்திகையில் அலை ஓய்ந்ததும் மேற்கே வெலிகமை, ஹிக்கடுவைப் பக்கம் சென்றுவிடுவர். அங்கே அப்போது பருவம் தொடங்கும். ஆண்டு முழுவதும் அலை! நான் பொறாமையோடு கேட்டபோது அவர்களுள் ஒருவன் சிரித்தான். நல்ல அலை வரும் வேளையில் அவன் முழங்காலளவு நீரில் நின்று, கற்றுக்கொள்வோரின் பலகையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருப்பானாம். "எனக்கு எப்போது விடுமுறை, அண்ணை?" என்றான். அவ்வூரிலேயே 2018 இற் பெண்களுக்கென ஓர் அலைச்சறுக்குக் கழகம் தோன்றியது. நாட்டில் அத்தகைய முதற்கழகம் அதுவே. பிள்ளை பெற்ற தாய்மாரும் அதிற் சேர்ந்து, வீட்டு வேலை ஓய்ந்த மாலைவேளையிற் பலகையோடு கடலில் இறங்குகின்றனர். அவர்களை ஒருநாள் என் மனைவிக்குக் காட்டினேன். அவள் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. மகள் மட்டும், அடுத்த வருடம் தனக்கும் ஒரு பலகை வேண்டும் என்றாள். அவளுக்கு இப்போது பதினாறு வயது. அவளுடைய பாட்டியாரிடம் இதனை யார் சொல்வது என்பது எங்கள் வீட்டிலே தீராத வழக்காக இருக்கின்றது.

இப்போது ஆவணி. வரும் கிழமை எங்கள் வட்டையின் பயிர்ச்செய்கைக் கூட்டம். விதைப்பு எந்நாள் தொடங்கி எந்நாள் முடிய வேண்டும், மாடுகளை எந்நாளுக்குள் வயலைவிட்டு அகற்ற வேண்டும், என்ன நெல், எத்தனை மாதப் பயிர் என்பனவெல்லாம் அங்கேதான் முடிவாகும். முடிவானபின் ஒருவனும் மீறலாகாது. பின்தங்கி விதைத்தவன் வயலையே பூச்சியும் பறவையும் நாடும். அக்கூட்டத்தில் மச்சானுக்கு அருகே அமர்வது என் வழக்கம். அவர் இப்போதும் சற்று நொண்டியே நடப்பார். சென்ற முறை விதைப்பு நாளைக் குறித்தபோது, அவர் என் பக்கம் சாய்ந்து, "புரட்டாதி முதற்கிழமையில் இன்னும் அலை இருக்குமா?" என்று மெல்லக் கேட்டார். இருக்கும் என்றேன். அவர் எழுந்து, விதைப்பை ஒரு கிழமை தள்ளிவைத்தால் நிலம் இன்னும் சற்று காய்ந்து, புழுதி நன்றாக எழும் என்று கூட்டத்துக்குச் சொன்னார். அது உண்மையும்கூட. இம்முறை அவர் என்ன சொல்வாரென்று தெரியாது. கைப்பேசியிலே அடுத்த கிழமைக்கு ஒரு பெரிய அலை காட்டுகின்றது.